பழைய கை ட்ரில் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பிடியைக் கையால் சுழற்றித் துளை போடும் பழைய ஹேண்ட் ட்ரில்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெயிண்டையும் பளபளப்பையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். புதுப் பெயிண்டில் மினுங்கும் ட்ரில்லைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். எந்த விரிசலை மறைக்க அடித்தார்களோ!

முதலில் பார்க்க வேண்டியது, துளை போடும் முனையான பிட்டை மாட்டும் சக். பெரும்பாலான மாடல்களில் அதற்குள் மூன்று தாடைகள் இருக்கும், பலவற்றில் அவற்றை விரித்து வைக்கச் சின்ன ஸ்பிரிங்குகளும் உண்டு. ஸ்பிரிங் ஒடிந்தோ காணாமலோ போயிருந்தால் தாடைகள் கோணலாக நின்று பிட்டைச் சரியாகக் கவ்வாது. அதனால் நேரான மெல்லிய பிட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மாட்டி, மெதுவாகச் சுற்றி, நுனியை மட்டும் கவனியுங்கள். நுனி நின்ற இடத்திலேயே சுழன்றால் நல்லது. அது வட்டம் போட்டால் தாடையிலோ தண்டிலோ கோளாறு. அப்புறம் பெரிய பல்சக்கரம். அது பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அடிபட்டால் பல் உடைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வெட்டி இழுத்தால் அங்கே பல்லை எண்ணிப் பாருங்கள். கைப்பிடி லேசாக ஆடுவதெல்லாம் பெரிய விஷயமில்லை.

ட்ரில்லில் பொறித்த காப்புரிமைத் தேதியைத் தயாரிப்பு வருடமாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. அந்தத் தேதியைப் பல வருடங்களுக்கு அப்படியே பொறித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடக் கம்பெனிப் பெயர் உதவும். குடெல்-பிராட் என்ற அமெரிக்கக் கருவிக் கம்பெனி 1931-இல் மில்லர்ஸ் ஃபால்ஸ் என்ற இன்னொரு கம்பெனி வசம் போனது. ‘யாங்கி’ ட்ரில்களைச் செய்த நார்த் பிரதர்ஸை 1946-இல் ஸ்டான்லி வாங்கியது. ஆக, ஸ்டான்லி பெயரும் சேர்ந்து பொறித்த யாங்கி ட்ரில் 1946-க்கு முந்தியதாக இருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிஜமான சேதம் நடக்கிறது. கம்பி பிரஷ்ஷை மோட்டாரில் மாட்டித் தேய்த்தால் துருவோடு நிக்கல் பூச்சும், சக்கரத்தின் பழைய சிவப்புப் பெயிண்டும் போய்விடும். போனால் போனதுதான். முழு ட்ரில்லையும் ராத்திரி பூரா வினிகரில் ஊறப்போடுவதும் வேண்டாம். ஸ்பிரிங் எஃகு அமிலத்தில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடலாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் பொறுமை போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள்.

மரக் கைப்பிடியையும் உப்புத்தாளால் உரிக்க வேண்டாம். பல மாடல்களில் கைப்பிடி உள்ளே குடைந்திருக்கும், பிட் போட்டு வைக்க. மூடி திறக்க வரவில்லையென்றால் இடுக்கி போடாமல், ரப்பர் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பாருங்கள். உள்ளே முறுக்கே இல்லாமல் நேர் பள்ளத்தோடு பிட்கள் இருந்தால் உடைசல் என்று எறிந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பல ட்ரில்களோடு வந்ததே அப்படித்தான்.

எண்ணெய் விஷயத்தில் சமையல் எண்ணெய் கூடவே கூடாது, நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மெல்லிய மெஷின் ஆயில் தண்டு சுழலும் இடங்களில் இரண்டு சொட்டு போதும்.

துளை போடும்போது உடம்புப் பலத்தை முழுக்க ஏற்றுவதும் வேண்டாம். பிட் கூராக இருந்தால் தானே இறங்கும். மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்து நிதானமாகச் சுற்றினால் மரமும் பிய்யாது, மெல்லிய பிட்டும் ஒடியாது.