டேட்டிங் ஆப்பில் துணை தேடுவது எப்படி: பழைய முறைகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

டேட்டிங் ஆப்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே புதிதாக ஒன்றும் பெரிதாக இருக்காது. ப்ரொஃபைல் என்பது செய்தித்தாளில் வந்த வரி விளம்பரம்தான். கேள்விப் பட்டியல் 1960-களின் கணினிப் பொருத்தத்திலிருந்து வந்தது. இரண்டு பேரும் சரி என்றால் மட்டுமே பேசலாம் என்ற விதி, ஒவ்வொருவரோடும் சில நிமிடம் மட்டும் பேசி அடுத்தவரிடம் நகரும் ஸ்பீட் டேட்டிங்கிலேயே உண்டு. இவை ஒவ்வொன்றும் ஒரு வேலையை நன்றாகச் செய்தன, வேறொன்றில் சொதப்பின. மாதக்கணக்கில் ஸ்வைப் செய்தும் (ப்ரொஃபைல்களைப் பிடித்தால் வலப்பக்கம், பிடிக்காவிட்டால் இடப்பக்கம் தள்ளியும்) எதுவும் நடக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஒன்று செய்ய வேண்டிய வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்க்கிறவர்கள். எந்த வேலைக்கு எதைப் பிடிப்பது என்று பார்ப்போம்.

ஆப்பைத் திறக்கும் முன் ஒரு பட்டியல்

1965-ல் ஹார்வர்டு மாணவர்கள் 'ஆபரேஷன் மேட்ச்' என்ற சேவையைத் தொடங்கினார்கள். காகிதத்தில் கேள்விகள் இருக்கும். பதில்களை நிரப்பி 3 டாலருடன் தபாலில் அனுப்பினால் அவை துளை அட்டைகளாகிக் கணினிக்குள் போகும். சில வாரங்களில் பெயர்களும் தொலைபேசி எண்களும் அச்சாகி வீட்டுக்கு வரும். இன்றைய ஆப்களின் பொருத்தக் கணக்குக்கு மூதாதை அதுதான். ஆனால் இந்தக் கணக்கால் எவ்வளவு சொல்ல முடியும்? 2017-ல் ஜோயல், ஈஸ்ட்விக், ஃபிங்கல் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஸ்பீட் டேட்டிங்குக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களை வாங்கி, இயந்திரக் கற்றல் முறையில் அலசினார்கள். பொதுவாக யாருக்கு ஈர்ப்பு அதிகம் வரும், யார் மீது அதிகம் வரும் என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. குறிப்பிட்ட இந்த இருவருக்குள் பொருந்துமா என்பதைச் சொல்ல முடியவில்லை.

ஆகவே உங்கள் பட்டியலின் வேலை பொருத்தமானவரைக் கண்டுபிடிப்பது அல்ல, நிச்சயம் ஒத்துவராதவர்களை விலக்குவது மட்டுமே. மனதில் இருக்கும் எதிர்பார்ப்புகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இப்படிக் கேளுங்கள்: "மற்ற எல்லாம் சரியாக இருந்து, இது ஒன்று மட்டும் இல்லையென்றால் விலகிவிடுவேனா?" ஆம் என்பவை மட்டும் நிற்கட்டும். பெரும்பாலும் மிஞ்சுவது குழந்தை வேண்டுமா வேண்டாமா, எந்த ஊரில் வாழ்வது, திருமணமா அல்லது இப்போதைக்குப் பழகுவதா, புகை, குடி, மத வழக்கம் இவைதான். உயரமும் இசை ரசனையும் அடிபட்டுப் போகும், போகட்டும். மூன்றிலிருந்து ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள். கணக்கு எளிது: ஒவ்வொரு வடிகட்டியும் பாதிப் பேரை விலக்கினால், ஐந்து வடிகட்டிக்குப் பிறகு 32 பேரில் ஒருவர்தான் மிச்சம். எட்டு வைத்தால் 256-ல் ஒருவர். 'இந்த ஆப்பில் ஆளே இல்லை' என்ற புலம்பலில் பாதி இங்கே பிறக்கிறது.

வயது வரம்பில் வட்ட எண்ணில் நிற்க வேண்டாம். 30 என்று போட்டால் போன மாதம் 31 ஆனவர் கண்ணிலேயே படமாட்டார், இரண்டு பக்கமும் இரண்டு வயது தளர்த்துங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் யோசிக்காமல் பயண நேரத்தில் யோசியுங்கள். வார நாள் மாலையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாத தூரம் என்றால், உறவு வார இறுதிக்கு மட்டும்தான் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ப்ரொஃபைல்: விளம்பரம் எழுதும் கலை

1695-ல் ஜான் ஹாட்டன் லண்டனில் நடத்திய வார இதழில் ஒரு விளம்பரம் வந்தது. சுமார் 30 வயதுள்ள கனவான் ஒருவர், நல்ல சொத்து இருப்பதாகச் சொல்கிறவர், 3,000 பவுன் அளவுக்குச் செல்வமுள்ள இளம் பெண்ணை மணக்க விரும்புகிறார். இதில் கவனிக்க வேண்டியது 'சொல்கிறவர்' என்ற இடம். சொத்து இருக்கிறது என்று இதழ் உறுதி தரவில்லை, அவர் சொல்கிறார் என்பதோடு ஒதுங்கிக்கொண்டது. முந்நூறு ஆண்டு கழித்தும் ப்ரொஃபைலைப் படிக்க வேண்டிய முறை இதுதான்.

ஆனால் அந்த விளம்பரம் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தது. யார், என்ன தேடுகிறார் என்பது ஒரே மூச்சில் தெரிந்துவிடுகிறது. இன்றைய ப்ரொஃபைல்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகின்றன. 'பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும், ஜாலியான ஆள்' என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எல்லோரும் எழுதியும் இருக்கிறார்கள். படிப்பவர் இதற்கு என்ன பதில் போடுவார்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஞாயிறு காலை ஆறு மணிக்கு சைக்கிளை எடுத்துக் கிளம்பிவிடுவேன், ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து தூங்குவேன். செஸ்ஸில் தோற்றால் அரை மணி நேரம் பேசமாட்டேன். இரண்டு வருடத்துக்குள் திருமணம் என்ற எண்ணத்தில் இருக்கிறேன்.' பதில் போட இதில் இரண்டு பிடி இருக்கிறது, நோக்கமும் வெளிப்படை. எண்பது சொல்லுக்குள் முடியுங்கள். 'டைம் பாஸ் ஆட்கள் தேவையில்லை', 'பொய் சொல்பவர்கள் விலகவும்' என்ற வரிகளை அடித்துவிடுங்கள். பொய் சொல்கிறவர் அதைப் படித்து விலகப் போவதில்லை, நல்லவர்தான் தயங்குவார்.

புகைப்படம் ஐந்து போதும். முதல் படத்தில் நீங்கள் மட்டும், கூலிங் கிளாஸ் இல்லாமல், முகம் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி. இரண்டாவது முழு உருவம். ஒன்றில் ஏதாவது செய்துகொண்டிருங்கள். நண்பர்களோடு எடுத்தது ஒன்று, அது கண்டிப்பாக முதலில் வேண்டாம், எவர் நீங்கள் என்று யாரும் தேடிக்கொண்டிருக்கமாட்டார்கள். எல்லாம் ஒரு வருடத்துக்குள் எடுத்தவையாக இருக்கட்டும்.

உயரத்தையும் வயதையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போடலாமா என்ற சபலம் எல்லோருக்கும் வரும். 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 80 பேரை நேரில் வரவழைத்து அளந்து பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் உயரம், எடை, வயது என்று ஏதாவது ஒன்றில் பொய் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் சின்னப் பொய்தான், நேரில் பார்த்தால் சட்டென்று தெரியாத அளவு. எதிரில் இருப்பவர் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டிருந்தால் மன்னித்துவிடலாம். வயதில் ஐந்து வருடம், 'விவாகரத்து ஆகிவிட்டது' என்று சொல்லிவிட்டு இன்னும் ஆகாமலிருப்பது, இவை வேறு ரகம்.

படத்தின் பின்னணியையும் ஒரு முறை பாருங்கள். வீட்டு வாசல், வண்டி எண், அலுவலக அடையாள அட்டை எதுவும் தெரியக் கூடாது. உங்கள் சமூக வலைத்தளக் கணக்கில் ஏற்கெனவே போட்ட படத்தை இங்கே போட்டால், படத்தை வைத்துத் தேடுபவருக்கு முழுப் பெயரும் வேலை செய்யும் இடமும் கிடைத்துவிடலாம். ஆப்புக்கென்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வைப்பும் முதல் செய்தியும்

வருகிறவர் எல்லோரையும் வலது பக்கம் தள்ளுவது சாமர்த்தியம் போலத் தெரியும். நாளின் லைக் வரம்பு தீரும், உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று ஆப்புக்குப் புரியாது, வந்த மேட்ச்சில் (இருவரும் லைக் செய்து பேச வழி திறந்தவர்களில்) பாதியை நீங்களே கழிக்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒவ்வொரு ப்ரொஃபைலையும் கடைசிப் படம் வரை பார்த்து முடிவெடுங்கள். களைப்பு வந்த பிறகு முகங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும், அப்போது மூடிவிடுங்கள்.

முதல் செய்தியில் அவர் ப்ரொஃபைலில் உள்ள ஏதாவது ஒன்றைத் தொட்டு, சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. 'ஹாய், எப்படி இருக்கீங்க' என்பதற்கு 'நல்லா இருக்கேன்' என்பதோடு கதை முடிந்துவிடும். 'மூணாவது படத்துல இருக்கிற கிட்டார் உங்களோடதா, இல்ல போஸுக்கா?' என்றால் இருவரும் சிரித்துக்கொண்டே தொடங்கலாம். பதில் வரவில்லையென்றால் மூன்று நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம் என்றால் அதுதான் பதில். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் பேசினால் யாரிடம் என்ன சொன்னோம் என்று குழம்பும், அது எதிரில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

சாட்டிலிருந்து முகத்துக்கு

1976-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நிறுவனத்தில் உறுப்பினர்கள் பேசுவதை வீடியோவில் பதிவு செய்து வைப்பார்கள். தேடி வருகிறவர் கோப்பைப் புரட்டிவிட்டு, பிடித்தவர்களின் கேசட்டைப் போட்டுப் பார்ப்பார். எழுத்திலும் படத்திலும் சிக்காத குரலும் சிரிப்பும் பேசும் வேகமும் அதில் கிடைத்தன. இன்றைக்கு அந்த வேலை வீடியோ காலுக்கு. மேட்ச் ஆன ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாளுக்குள், பதினைந்து நிமிடக் கால் ஒன்று பேசிவிடுங்கள். அதற்கு மேல் சாட்டிலேயே ஓட்டினால், தெரியாத இடங்களையெல்லாம் நம் கற்பனை நிரப்பிவிடும். பிறகு நேரில் பார்க்கும்போது அந்தக் கற்பனை ஆளோடு இவரை ஒப்பிட்டு ஏமாந்து போவோம். ஒரு மாதம் விடிய விடிய சாட் செய்தவர்கள் நேரில் அரை மணி நேரம் தாங்காமல் எழுந்து போவதற்குக் காரணம் இதுதான்.

முதல் சந்திப்புக்கு ஸ்பீட் டேட்டிங்கைப் பாருங்கள். 1998-ல் பெவர்லி ஹில்ஸில் யாகோவ் டேயோ என்ற யூத மதகுரு தொடங்கியது அது. சில நிமிடப் பேச்சு, பிறகு அடுத்தவர். மீண்டும் பார்க்க விருப்பமா என்று இருவரும் தனித்தனியாகக் குறித்துக் கொடுப்பார்கள், இருவரும் ஆம் என்றால் மட்டுமே தொடர்பு விவரம் கைமாறும். 2012-ல் வந்த டிண்டர் ஆப் இதே விதியை மொபைலுக்குள் வைத்தது. குறுகிய நேரம் என்பதை மட்டும் ஏனோ நாம் விட்டுவிட்டோம். முதல் சந்திப்பை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் என்று முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில். உங்கள் வண்டியிலேயே போய் உங்கள் வண்டியிலேயே திரும்புங்கள், வீட்டு வாசலில் இறக்கிவிட அனுமதிக்க வேண்டாம். நண்பர் ஒருவருக்கு அவருடைய ப்ரொஃபைல் ஸ்கிரீன்ஷாட்டையும் நேரலை இருப்பிடத்தையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்ததும் 'இவரைக் கட்டிக்கொள்ளலாமா' என்று யோசிக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் அதற்கு விடை கிடையாது. 'இன்னொரு மணி நேரம் பேசத் தோன்றுகிறதா?' அவ்வளவுதான். தோன்றவில்லையென்றால் மறுநாளே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

நண்பர்கள் செய்த வேலையை இப்போது யார் செய்வது?

அமெரிக்காவில் ரோசன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2017-ல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்தவர்கள். நண்பர்கள் வழியாகச் சந்திப்பது 1995-ல் 33 சதவீதமாக இருந்தது, 20 சதவீதமாக இறங்கிவிட்டது. நண்பர்கள் வெறும் அறிமுகம் மட்டும் செய்யவில்லை. 'இவன் கோபக்காரன்', 'அவளுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்' என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், தப்பாக நடந்தால் முகத்தில் விழிக்க முடியாது என்ற பயமும் இருந்தது. ஆப்பில் இந்த இரண்டுமே இல்லை.

ஈடுகட்ட வழி உண்டு. முழுப் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் இரண்டாவது சந்திப்புக்குள் தெரிந்துகொண்டு ஒத்துப் பாருங்கள். நான்கைந்து சந்திப்புக்குள் அவருடைய நண்பர்கள் ஓரிருவரையாவது பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் ஆகியும் அவர் வட்டத்தில் ஒருவரைக்கூடக் காட்டவில்லை, வார இறுதியில் போன் எடுப்பதில்லை என்றால், மறைக்க ஏதோ இருக்கிறது.

நண்பர்கள் வழியையும் மூடிவிட வேண்டாம். 'யாராவது இருந்தா சொல்லு' என்பது கேட்டதாகவே கணக்கில்லை, அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். நீங்கள் யார், என்ன தேடுகிறீர்கள் என்று மூன்று வரி எழுதி, ஒரு படத்தையும் சேர்த்து, 'இதை அப்படியே அனுப்பலாம்' என்று கொடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் வேலை செய்கிறது.

பணம் கேட்கும் காதல்

2022-ல் மட்டும் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தார்கள், இழந்த தொகை 130 கோடி டாலர். வரிசை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். மிக அழகான படம், வெளிநாட்டிலோ கப்பலிலோ வேலை. ஓரிரு நாளிலேயே 'இந்த ஆப் வேண்டாம், வேறு சாட்டுக்கு வாருங்கள்' என்பார், ஆப்பின் கண்காணிப்பிலிருந்து உங்களை வெளியே எடுக்கத்தான். இரண்டாவது வாரத்தில் கல்யாணப் பேச்சு. வீடியோ கால் என்றால் கேமரா கெட்டுப்போயிருக்கும். பிறகு ஆஸ்பத்திரிச் செலவு, சுங்கத்தில் சிக்கிய பார்சல், அல்லது 'நான் கிரிப்டோவில் போட்டு எடுக்கிறேன், நீயும் போடு'. கடைசி வகையில் முதலில் சிறு தொகை லாபத்தோடு திரும்பியும் வரும், நம்பிக்கை வர வேண்டுமே. நேரில் பார்க்காதவருக்குப் பணம், கிஃப்ட் கார்டு, ஓடிபி எதுவும் கிடையாது என்ற விதியைத் தளர்த்தவே வேண்டாம். அந்தரங்க வீடியோவை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மேலும் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆப்பிலும் காவல்துறையிலும் புகார் கொடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள்.

இருப்பிட விஷயத்திலும் கவனம் வேண்டும். டிண்டர் காட்டிய தூரத்தை மூன்று இடங்களிலிருந்து அளந்தால் ஒருவர் இருக்கும் இடத்தையே கண்டுபிடித்துவிடலாம் என்று 2014-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. என்றாலும், தூரத்தைக் காட்டாதே என்ற அமைப்பு (செட்டிங்) இருந்தால் போட்டுவிடுங்கள். 'துல்லியமான இருப்பிடம்' என்ற அனுமதியையும் எடுத்துவிடலாம், தோராயமான இடம் தெரிந்தால் ஆப்புக்குப் போதும்.

யாராவது அமைந்துவிட்டால், அல்லது அலுத்துப்போய்விட்டால், மொபைலிலிருந்து ஆப்பை மட்டும் நீக்குவது போதாது. ப்ரொஃபைல் அங்கேயே இருக்கும், பிறர் கண்ணில் படவும் செய்யலாம், அதனால் புது உறவில் முதல் சண்டை வந்தவர்களும் உண்டு. அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்குங்கள். கட்டணச் சந்தா எடுத்திருந்தால் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயே போய் ரத்து செய்யாதவரை, கணக்கே இல்லாத ஆப்புக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும்.