கொரோனா அவகாசம்: வருமான வரி ரிட்டர்னுக்கு 2021 டிசம்பர் 31, வரிப் பணத்துக்கு எந்தத் தேதி?

ஓசூர் கம்பெனிகளிலும் கிருஷ்ணகிரி, பர்கூர் கிரானைட் பட்டறைகளிலும் 2021 நவம்பரில் ஒரே பேச்சுதான்: "டிசம்பர் 31 வரைக்கும் டைம் குடுத்துட்டாங்க, பாத்துக்கலாம்." டைம் கொடுத்தது உண்மை. தணிக்கை தேவைப்படாத தனிநபர்களுக்கு 2020-21 நிதியாண்டு வருமான வரி ரிட்டர்னின் கடைசி நாள் 2021 ஜூலை 31. அது முதலில் செப்டம்பர் 30 ஆனது, பிறகு டிசம்பர் 31. ஆனால் பாக்கி வரி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் 234ஏ வட்டி (ரிட்டர்ன் தாமதத்துக்கான வட்டி) ஆகஸ்டிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. நேரடி வரி வாரியம் மே 20 அன்று வெளியிட்ட 9/2021 சுற்றறிக்கையிலேயே இது எழுதியிருக்கிறது. தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான் கீழே உள்ள படிகள்; எல்லாம் 2021 நிலவரம்.

படி 1: பிடித்தம் (டிடிஎஸ்) எவ்வளவு என்று பாருங்கள்

வருமான வரித் தளத்தில் நுழைந்து, உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியின் பட்டியலான 26ஏஎஸ் இறக்கிக்கொள்ளுங்கள். கம்பெனி தரும் படிவம் 16, வங்கி தரும் வட்டிச் சான்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டெபாசிட் வட்டி உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கொரோனா சலுகையாக 2020 மே 14 முதல் 2021 மார்ச் 31 வரை வட்டிக்கு 10 சதவீதத்துக்குப் பதில் 7.5 சதவீதம்தான் பிடித்தார்கள். பிடித்தம் மட்டும்தான் குறைந்தது, வரி அப்படியே நின்றது. முந்தைய வருஷம் பாக்கி இல்லாதவருக்கும் அந்த வருஷம் பாக்கி வந்ததற்கு இது ஒரு காரணம்.

படி 2: ஒரு லட்சக் கணக்கு

பலரும் சறுக்குகிற இடம் இது. மொத்த வரியிலிருந்து பிடித்தத்தையும், மார்ச்சுக்குள் கட்டிய அட்வான்ஸ் டேக்ஸையும் கழியுங்கள். மீதி ஒரு லட்சத்துக்குள் இருந்து, டிசம்பர் 31-க்குள் ரிட்டர்னும் போட்டுவிட்டால் 234ஏ வட்டி இல்லை. ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஜூலை 31-தான் உங்கள் கெடு. மாதத்துக்கு 1 சதவீதம். மாதத்தில் ஒரு நாள் புகுந்தாலும் முழு மாதமாகக் கணக்கு.

ஓசூரில் சம்பளக்காரர் ஒருவர். வீட்டு வாடகையும் டெபாசிட் வட்டியும் சேர்ந்து, பிடித்தம் போக பாக்கி 1,20,000. அட்வான்ஸ் டேக்ஸ் கட்டவில்லை. ஜூலை 31 அன்று கட்டியிருந்தால் 234ஏ இல்லை. 234பி (அட்வான்ஸ் டேக்ஸ் கட்டாததற்கான வட்டி) மட்டும் ஏப்ரல் முதல் 4 மாதத்துக்கு 4,800. டிசம்பர் 10 அன்று கட்டி, ரிட்டர்னும் போட்டால் 234ஏ 5 மாதத்துக்கு 6,000, 234பி 9 மாதத்துக்கு 10,800, ஆக 16,800. அதாவது 12,000 ரூபாய் அதிகம். அட்வான்ஸ் டேக்ஸ் தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி என்று ஒரு வட்டியும் உண்டு. அது எந்தத் தேதியில் கட்டினாலும் மாறாது.

234பி-க்கு இந்த ஒரு லட்ச வரம்பு கிடையாது. பாக்கி 95,000 என்றாலும் அது மாதாமாதம் ஏறும். ஆகவே பாக்கி எவ்வளவானாலும் பணத்தை 2021 நவம்பர் 30 மாலைக்குள் கட்டிவிடுவதுதான் லாபமாக இருந்தது. டிசம்பர் 1 ஆனால் இன்னொரு மாத வட்டி.

படி 3: சலான் 280

அன்று வரி கட்ட இருந்த படிவம் இது. அதில் 0021 (கம்பெனி அல்லாதவர்களின் வருமான வரி) தேர்வு செய்து, கட்டணவகை 300 (சுய மதிப்பீட்டு வரி) என்று குறியுங்கள். மதிப்பீட்டு ஆண்டு 2021-22. வருமானம் வந்த ஆண்டு 2020-21 என்பதால் கை தானாக அங்கே போகும், கவனம். ஆன்லைனில் ஆண்டு தவறினால், திருத்த அப்போது மதிப்பீட்டு அதிகாரியிடம்தான் மனு கொடுக்க வேண்டியிருந்தது.

வரியை மட்டும் கட்டாதீர்கள், வட்டியையும் அதற்குரிய கட்டத்தில் போட்டுச் சேர்த்தே கட்டுங்கள். கட்டுகிற பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும். சரியாக 1,20,000 கட்டினால் வரியில் குறை நிற்கும். டெபிட் கார்டைவிட நெட் பேங்கிங்கையே நான் சொல்வேன். ரசீதை அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். அதில் 7 இலக்க பிஎஸ்ஆர் எண் (வங்கிக் கிளையின் எண்), தேதி, 5 இலக்க சலான் எண் மூன்றும் தெரிய வேண்டும்.

படி 4: ரிட்டர்ன்

2021-ல் வந்த புதிய தளம் பாதியில் வெளியே தள்ளிவிட்டது என்பதால் ஆஃப்லைன் மென்பொருளே நிம்மதியாக இருந்தது. அதிலும் கடைசியாக வந்த பதிப்பை மட்டும் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஜூலை 31 தாண்டியதும் மென்பொருளில் அவகாசத்தைக் கணக்கில் எடுக்காமல் 234ஏ வட்டியும் 234எஃப் தாமதக் கட்டணமும் தவறாக விழுந்தன. துறை ஆகஸ்ட் 1 அன்று அதைச் சரிசெய்தது. பாக்கி ஒரு லட்சத்துக்குள் இருந்தும் 234ஏ கட்டத்தில் தொகை நின்றால், பழைய பதிப்பு என்று அர்த்தம்.

காவேரிப்பட்டணம் பக்கம் சொந்த மாந்தோப்பு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், அதற்கு வரி இல்லை என்றாலும் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போட முடியாது.

படி 5: சரிபார்ப்பு

போட்ட ரிட்டர்னை உறுதிசெய்ய ஆதார் ஓடிபி போதும், 2021-ல் அதை 120 நாளுக்குள் முடிக்க வேண்டியிருந்தது. ஓடிபி வராதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூரிலுள்ள வருமான வரி மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம்தான் என்றாலும் அப்போது சாதாரண தபால் அல்லது ஸ்பீட் போஸ்ட் மட்டுமே, கூரியர் செல்லாது.

கேள்விகள் வந்தபின் சேர்த்தது

"1,20,000 பாக்கியில் ஜூலையிலேயே 30,000 கட்டிவிட்டேன், மீதி 90,000தானே?" இல்லை. ஒரு லட்ச வரம்பைப் பார்க்கும்போது சுய மதிப்பீட்டு வரியைக் கழிப்பதில்லை. கட்டிய 30,000-க்கு 234ஏ ஓடாது, மீதி 90,000-க்கு ஓடும்.

வியாபார வருமானம் இல்லாத, 60 வயதான பெரியவர்களுக்கு மட்டும் விதி வேறு. ஜூலை 31-க்குள் அவர்கள் கட்டியது அட்வான்ஸ் டேக்ஸாகவே கணக்கிடப்படும். ஆகவே அதே 30,000 அவர்களை வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். அவர்களுக்கு 234பி-யும் கிடையாது. அப்பா அம்மாவுக்கு நீங்கள் ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்றால், பிறந்த தேதி பான் பதிவில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.