பூச்சி மாத்திரையோடு வேலை முடிவதில்லை

குடற்புழு என்றதும் எல்லோரும் வயிற்றைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வாசல் மண்ணை. ஒரு பெண் உருண்டைப் புழு நாளொன்றுக்குச் சுமார் 2,00,000 முட்டைகள் இடும். மலத்தோடு வெளியேறும் அவை ஈர மண்ணில் சுமார் மூன்று வாரங்களில் முதிர்ந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கக்கூடியவை. அல்பெண்டசோல் மாத்திரை குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை அது தொடுவதே இல்லை. கழிப்பறை வசதி குறைந்த வளரும் நாடுகளில், மாத்திரை விழுங்கிய குழந்தைகள் சில மாதங்களிலேயே மீண்டும் புழுவோடு வந்து நிற்பது இதனால்தான். ஐந்தில் ஒரு குழந்தைக்காவது புழு இருக்கும் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு முறையும், பாதிப் பேருக்கு இருந்தால் இரு முறையும் மருந்து கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருமுறை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பதே முதல் தவறு. இனிப்பு தின்றதால் புழு வந்தது என்பதோ, இனிப்பின் மேல் போட்ட பொய் வழக்கு.

இதைவிட மோசமானது, "குழந்தை மலம்தானே" என்ற அலட்சியம். பெரியவர்கள் கழிப்பறைக்குப் போகும் வீட்டிலும் குழந்தையின் மலம் கொல்லையில் வீசப்படுகிறது. முட்டைகள் முதிர்ந்த பிறகு அதே மண்ணில் தவழ்ந்து, அதே விரலை வாயில் வைக்கிறது குழந்தை. உருண்டைப் புழுவை அதிகம் சுமப்பவர்கள் சிறுவர்களே என்பதால், அந்த மலம்தான் முதலில் கழிப்பறைக்குப் போக வேண்டும். மட்காத மலத்தைக் காய்கறிப் பாத்திக்கு எருவாக இடுவதும் இதே கணக்கில் சேரும்.

புழு கண்ணில் படவில்லை, ஆகவே இல்லை என்பது இன்னொரு தப்புக் கணக்கு. கொக்கிப் புழு மலத்தில் பெரும்பாலும் தென்படாது. குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். அது நுழைவதும் பெரும்பாலும் வாய் வழியாக அல்ல, வெறுங்காலின் தோல் வழியாக. எவ்வளவு கை கழுவினாலும் செருப்பில்லாமல் அசுத்த மண்ணில் நடந்தால் வந்துவிடும். புழுவை விட்டுவிட்டு இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலை.

பன்றி இறைச்சியையே தொடாதவர்களுக்கும் மூளையில் பன்றி நாடாப் புழுவின் கட்டி வரலாம். புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வரும் முட்டை, கழுவாத கை வழியாக யாருடைய உணவையும் எட்டும். வலிப்புக்கு இந்தக் கட்டி ஒரு முக்கியக் காரணம்.

தண்ணீரில் குளோரின் கலந்தாயிற்று, கையில் சானிடைசர் தடவியாயிற்று என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிருக்குக் குளோரின் ஒரு பொருட்டே அல்ல. புழு முட்டைக்குச் சானிடைசரும் அப்படியே. தண்ணீரை நன்கு கொதிக்க வைத்து ஒரு நிமிடம் விட்டால் போதும். கைக்குச் சோப்பும் ஓடும் நீரும்தான்.

இரவில் ஆசனவாய் அரிக்கும் நூற்புழுவுக்கு, அரிப்பவருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் விழுங்கி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் விழுங்க வேண்டும். கர்ப்பிணிகளும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கடைசியாக வயிற்றுப்போக்கு. நீராகப் போகிறது என்றதும் ஆன்டிபயாடிக் வாங்குவதும், உணவையும் தாய்ப்பாலையும் நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத தவறுகள். உயிரைக் குடிப்பது நீரிழப்புதான். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள், உணவைத் தொடருங்கள், குழந்தைக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம்.