லைட் ஃபிளைவீல்: மாட்டுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

ஃபிளைவீல் என்பது இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் முனையில், கிளட்சோடு சேர்ந்து சுழலும் கனமான தட்டு. அதன் எடையைக் குறைத்தால் குதிரைசக்தி கூடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. கூடாது. இன்ஜின் வேகம் ஏறும்போது ஃபிளைவீலையும் சேர்த்துச் சுழற்ற ஆகும் செலவு குறைகிறது, அவ்வளவுதான். ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த லாபமும் இல்லை. சக்கரங்களால் ஓர் உருளையைச் சுழலவிட்டு இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அந்தத் தாளை நண்பர்களிடம் காட்டலாம், மற்றபடி அதே பழைய இன்ஜின்தான்.

அடுத்தது, கிலோவை மட்டும் பார்த்து வாங்குவது. எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதன் விளைவும் கூடும். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.136, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.3, 14 அங்குலச் சக்கரம். மையத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி ஒரு கிலோவைக் கழித்தால், முதல் கியரில் காரிலிருந்து சுமார் 37 கிலோவை இறக்கியதற்குச் சமம். அதே ஒரு கிலோவைப் பாதித் தூரத்தில் கழித்தால் 9 கிலோதான். ஐந்தாவது கியருக்கு (0.814) வந்துவிட்டால் அந்த 37, வெறும் இரண்டரை கிலோ. நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது ஒன்றும் தெரியவில்லையே என்று புலம்புபவர்களுக்கு இதுதான் பதில்.

வளைவுகள் அடுத்தடுத்து வரும் சாலையில் மட்டும் பலன் நன்றாகவே தெரியும். ஆக்சிலரேட்டரைத் தட்டியதும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) துள்ளும், கியர் இறக்குவது சுலபமாகும். ஆனால் காலை எடுத்தால் அதே வேகத்தில் விழவும் செய்யும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. இடைப்பட்ட நேரத்தில் சுழற்சி தளராமல் பார்த்துக்கொள்வது ஃபிளைவீல்தான். அதைப் பாதியாக்கிவிட்டு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் பந்தயத்துக்கானதாக மாற்றி, நகர நெரிசலில் ஓட்டினால் சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் நிற்கும். தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. டிராக்குக்குப் போகிற கார், கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்கப் போகிறார்கள் என்றால், மிதமாக எடை குறைந்த ஸ்டீல் ஃபிளைவீல் சரி.

பணம் மிச்சம் என்று பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைவது ஆபத்தானது. இழுவிசையைத் தாங்குவதில் வார்ப்பிரும்பு பலவீனம். சுழலும்போது அதன்மேல் விழும் விசையோ ஆர்பிஎம்மின் வர்க்கமாக ஏறும். 7,000-இல் அது உடைந்தால் துண்டுகள், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் உறையைப் பிளந்துகொண்டு வரும், ஓட்டுபவரின் கால் அங்கேதான் இருக்கிறது.

ஃபிளைவீலோடு வேறு என்னென்ன பிணைந்திருக்கிறது என்று பார்க்காமல் ஆர்டர் போடுபவர்களும் உண்டு. போர்ஷே 944-இல் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வேகம் தெரிவதே ஃபிளைவீலின் பற்களையும், அதில் பதித்த ஒரு சிறு திருகையும் சென்சார்கள் படிப்பதால்தான். புதியதில் அவை சரியான இடத்தில் இல்லாவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாது. ரோட்டரி இன்ஜின் உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இல் சமநிலை எடை ஃபிளைவீலிலேயே இருக்கிறது. வெளியில் வாங்கும் லேசான ஃபிளைவீலுக்கு, அந்த இன்ஜினுக்கேற்ற தனி கவுண்டர்வெயிட்டும் (சமநிலை எடை) வாங்க வேண்டும்.

போர்ஷே 964 போன்ற டூயல் மாஸ் கார்கள், அதாவது ஃபிளைவீல் இரண்டு பகுதிகளாக இருக்கும் கார்கள், தனிக் கதை. அதிர்வை விழுங்கும் பாகம் அங்கே ஃபிளைவீலுக்குள்ளேயே இருக்கிறது. ஒற்றை ஃபிளைவீலுக்கு மாறினால் ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டும் போட்டாக வேண்டும். அப்படியும் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், கிளட்சை மிதித்தால் அடங்கும். அது பழுதல்ல. தெரியாமல் கியர்பாக்ஸைப் பிரிக்கக் கொடுத்துவிட வேண்டாம்.

மாட்டும்போது கிராங்க்ஷாஃப்டின் பின் ஆயில் சீல், பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது), ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிப்பது) மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது; கூலி ஒன்றுதான். எம்எக்ஸ்-5-இல் ஃபிளைவீல் போல்ட்டுகளின் துளைகள் ஆயில் இருக்கும் பக்கம்வரை போகின்றன. மரைகளில் சீலன்ட் தடவாமல் முறுக்கினால் அந்த வழியாக ஆயில் கசிந்து, புதுக் கிளட்ச் நனைந்து வழுக்கும்.