திரை இருட்டாக இருந்தால் கேமராமேனைத் திட்டாதே தம்பி: விமர்சகர்கள் தொழில்நுட்பத்தில் வழுக்கி விழும் இடங்கள்

போன வாரம் ஒரு தியேட்டர் வாசலில் ஒரு தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "விஷுவல்ஸ் சுமார்தான் ப்ரோ, 4கே-ல எடுக்கல போல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரை ஏறிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்று, இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். மறுநாள் விடியும் வரை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கதை பிடிக்கவில்லை என்று எவ்வளவு காட்டமாகச் சொன்னாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். ரசிகர்கள் திட்டுவார்கள்; அது ஆயுள் சந்தா, பழகிவிடும். ஆனால் கேமரா, சவுண்டு, கிராஃபிக்ஸ், ஏஐ என்று வாயைத் திறந்தால் வருவது வேறு கூட்டம். எடிட்டர், தியேட்டர் ஆபரேட்டர், சாஃப்ட்வேர் ஆள், விஸ்காம் படிக்கிற பெண். இவர்கள் கெட்ட வார்த்தை எதுவும் பேசுவதில்லை. அளவு, கணக்கு என்று எடுத்துப் போடுகிறார்கள். பதில் சொல்ல முடியாமல் முழிப்போம்.

பெயரை மாற்றிச் சொல்வது, லென்ஸையும் கேமராவையும் குழப்புவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ரெண்டு தடவை அடி விழுந்தால் தானாகச் சரியாகிவிடும்.

தியேட்டரின் குறையைப் படத்தின் தலையில் கட்டுவது

சின்ன பட்ஜெட் படம். ஒளிப்பதிவாளருக்கு முதல் படம். பாதிக் கதை ராத்திரியில், ஒரு செங்கல் சூளையில் நடக்கும். புறநகர் மல்டிபிளெக்ஸ் ஒன்றில் காலைக் காட்சி போனேன். சூளை தெரிகிறது, ஆள் தெரிகிறான், முகத்தைக் காணோம். கண்ணை இடுக்கி இடுக்கித் தலைவலி வந்ததுதான் மிச்சம். வெளியே வந்து பைக் ஸ்டாண்டிலேயே கேமராவை ஆன் செய்து, "கேமராமேன் லைட் போட மறந்துட்டாரா, இல்ல டிஐ பண்ணவரு கூலிங் கிளாஸைக் கழட்டாம உக்காந்துட்டாரா?" என்று கேட்டேன். (டிஐ என்றால் எடுத்து முடித்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரி செய்கிற வேலை.) எனக்கே சிரிப்பு வந்தது. அதுவரை நான் போட்டதிலேயே அதிகம் ஓடிய வீடியோ அது.

சாயங்காலம் ஒருவர் கேட்டார்: "எந்த தியேட்டர், எந்த ஸ்கிரீன் சார்?" சொன்னேன். "அந்த ஸ்கிரீன்ல போன வாரம் வரைக்கும் 3டி படம் ஓடிச்சு. லென்ஸ் முன்னாடி இருக்கிற 3டி ஃபில்டரை நகர்த்தாமலே 2டி ஓட்டியிருப்பாங்க. பல்பும் பழசு. வேற எங்கயாவது ஒருவாட்டி பாத்துட்டுப் பேசுங்க." ஆள் ஒரு தியேட்டர் ஆபரேட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வீம்புக்காகவே நாலு நாள் கழித்து ஊருக்குள் இருக்கிற இன்னொரு தியேட்டருக்குப் போனேன். அதே சூளை, அதே ராத்திரி. நெருப்பு வெளிச்சம் அவன் கன்னத்தில் ஏறி ஏறி இறங்குகிறது. பின்னால், அடுக்கிய செங்கல் மேல் சாய்ந்தபடி அவனுடைய அம்மா நிற்கிறாள். முதல் தடவை பார்த்தபோது அந்தக் காட்சியில் அம்மா இருந்ததே எனக்குத் தெரியாது. அவள் அங்கே நிற்பதுதான் காட்சியே.

நடப்பது இதுதான். டிஜிட்டல் சினிமாவுக்கு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து வகுத்த அளவு ஒன்று இருக்கிறது. முழு வெள்ளையைத் திரையில் விட்டால் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. டிஐ அறையில் கலரிஸ்ட் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் இருட்டுக்குள் முகம் எவ்வளவு தெரியலாம் என்று முடிவு செய்கிறார். 3டி-யில் அந்த வெளிச்சம் மூன்றில் ஒன்றாகவும், அதற்குக் கீழேயும் இறங்கிவிடும். ஃபில்டரை எடுக்காமல் 2டி படத்தை ஓட்டினால் அவர் பார்த்துப் பார்த்து வைத்த நிழலெல்லாம் ஒரே கறுப்பு. ஜெனான் பல்பு வேறு வயசாக ஆக மங்கும். விலைக்குப் பயந்து அதன் கடைசி மூச்சு வரை ஓட்டுகிற முதலாளிகள் உண்டு. 3டி-க்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீன் என்றால் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். ஓர சீட்டில் உட்கார்ந்தவன் பாவம்.

நம்மூர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் பாஸ்டன் குளோப் பத்திரிகை விமர்சகர் டை பர், அவர் ஊர் மல்டிபிளெக்ஸ்களில் 3டி லென்ஸைக் கழற்றாமலே 2டி படங்களை ஓட்டுவதைப் போட்டு உடைத்தார். அங்கே இருந்த ஒரு வகை ப்ரொஜெக்டருக்கு அடையாளமும் சொன்னார்: திரும்பி ப்ரொஜெக்‌ஷன் ஜன்னலைப் பாருங்கள், ஒளி ஒன்றன்மேல் ஒன்றாக ரெண்டு கற்றையாக வந்தால் லென்ஸ் இன்னும் மாட்டியே இருக்கிறது. அவரும் விமர்சகர்தான். திரை இருட்டாக இருந்ததும் கேமராமேனைத் திட்டாமல் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

என் சோதனை இன்னும் சுலபம். படம் ஆரம்பிக்கும் முன் சென்சார் சான்றிதழ் வரும். வெள்ளைத்தாள். அது வெள்ளையாக இருக்கிறதா, நாலு நாள் கட்டிய வேட்டி மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டி மாதிரி இருந்தால் அன்றைக்கு ஒளிப்பதிவைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

சவுண்டுக்கும் இதே கதைதான். தியேட்டரின் சவுண்டு ப்ராசஸரில் வால்யூம் 0 முதல் 10 வரை. மிக்ஸிங், அதாவது படத்தின் ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கிற வேலை, நடப்பது 7-ல். "காது வலிக்குது" என்று நாலு பேர் வந்து சொன்னால் தியேட்டர்காரர் 5-க்கு இறக்குவார், அடுத்த படத்துக்கும் அங்கேயே இருக்கும். அப்புறம் வசனம் புரியவில்லை என்று சவுண்டு இன்ஜினியரைத் திட்டுவோம். ஆனால் எல்லாப் பழியையும் தியேட்டர் மேல் தூக்கிப் போட முடியாது. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது இரைச்சல் தாங்கவில்லை என்று ஊரே சொன்னது. வால்யூமை ரெண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருக்கிறோம் என்று தயாரிப்பாளரே அறிவித்தார். 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' போர் எபிசோடு ஒன்று ஒரேயடியாக இருட்டு என்று உலகமே கத்தியபோது, ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் உங்கள் டிவி செட்டிங்கைச் சரி செய்யுங்கள் என்கிற பாணியில் பதில் சொன்னார். அதில் நான் ஜனங்கள் பக்கம். வீட்டு டிவிக்கென்று எடுத்த ஒன்று வீட்டு டிவியில் தெரிய வேண்டும். ஆக, தப்பு எந்தப் பக்கமும் இருக்கலாம். எங்கே பார்த்தேன், எந்த ஸ்கிரீன், எந்த வரிசை என்று சொல்லிவிட்டு "எனக்கு முகம் தெரியவில்லை" என்று நிறுத்திக்கொண்டால் ஒருவராலும் மறுக்க முடியாது. "லைட் போடத் தெரியவில்லை" என்று ஒரு அடி கூட வைத்தால் அதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும்.

அந்த ஒளிப்பதிவாளர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை போன் செய்தார். "அடுத்த படம் பேசப் போன இடத்துல உங்க வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க சார்" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். வீடியோவை எடுத்தேன், வருத்தம் தெரிவித்து இன்னொன்று போட்டேன். அதை யார் பார்த்தார்கள்? கூலிங் கிளாஸ் ஜோக்கை மட்டும் வெட்டி யார் யாரோ போட்டது இன்றைக்கும் சுற்றுகிறது. தெரியாமல் செய்தேன் என்று என்னை நானே சமாதானப்படுத்தவும் முடியவில்லை. அன்று காலை அந்தச் சான்றிதழ் அழுக்கு வேட்டி நிறத்தில்தான் வந்தது. பார்த்தேன். 'என்னடா இது' என்றுகூட நினைத்தேன். பாப்கார்னை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

தொட்டுப் பார்க்காததற்குத் தீர்ப்பு சொல்வது

சிகாகோ சன்-டைம்ஸின் ரோஜர் ஈபர்ட் பெரிய ஆள். சினிமா விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் ஆள், 1975-ல். வயசான காலத்தில் இணையத்திலும் வெளுத்து வாங்கினார். 2010 ஏப்ரலில், வீடியோ கேம் ஒருநாளும் கலை ஆகாது என்று எழுதினார். ஒரு பெண் கேம் டிசைனர் மேடையில் பேசிய பேச்சைப் பார்த்துவிட்டு எழுதியது. கேம் ஆடிப் பார்த்து அல்ல. ஆயிரக்கணக்கில் பதில்கள் வந்து விழுந்தன. கேம் ஆடுகிறவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு படத்தைப் பார்க்காமல் விமர்சனம் எழுதுவீர்களா?" ஜூலையில் அவரே இறங்கி வந்தார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் பழக்கமில்லாத விஷயத்தில் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்.

அதே வருஷம் 3டி சினிமாவையும் கிழித்துத் தொங்கவிட்டார். அதற்கும் திட்டு விழுந்தது. ஆனால் அங்கே அவர் கால் ஊன்றி நின்றார், ஏனென்றால் 3டி படங்களை உட்கார்ந்து பார்த்து அலுத்தவர். வெளிச்சம் குறைகிறது, கண் வலிக்கிறது, டிக்கெட் விலை கூடுகிறது என்று எல்லாமே தான் அனுபவித்ததைச் சொன்னார். காரணம் வேண்டிவந்தபோது தானே கற்பனை செய்யவில்லை. 2011 ஜனவரியில் எடிட்டர் வால்ட்டர் மர்ச் எழுதிய கடிதத்தை அப்படியே வெளியிட்டார். திரை 80 அடி தள்ளி இருந்தால் கண் 80 அடியில்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆனால் பொருள் மூக்குக்கு முன்னால் வருகிற மாதிரி தெரியும்போது ரெண்டு கண்ணும் பத்தடியில் வந்து கூட வேண்டும். ஃபோகஸ் ஒரு தூரத்துக்கு, கண் கூடுவது வேறு தூரத்துக்கு. இயற்கையில் நம் கண்ணுக்கு அந்த வேலையே கிடையாது. தலைவலி அங்கிருந்து வருகிறது என்று மர்ச் விளக்கினார்.

ஒரே மனிதர், ஒரே வாய்த்துடுக்கு, ஒரே வருஷம். நம் பையன்கள் அந்த வாய்த்துடுக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

"4கே-ல எடுக்கல"

4கே, 2கே என்பது படத்தில் எத்தனை புள்ளி என்கிற கணக்கு. உங்கள் தியேட்டரில் இருப்பதே 2கே ப்ரொஜெக்டராக இருக்கலாம், முதலில் அதை விசாரியுங்கள்.

ஐமேக்ஸ் என்று பொதுவாகச் சொல்வது

ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த படம் வேறு, சாதாரணமாக எடுத்து ஐமேக்ஸ் திரைக்காகப் பதமாக்கிய படம் வேறு. 2023-ல் 'ஓப்பன்ஹைமர்' ஐமேக்ஸ் 70 மி.மீ. ஃபிலிமில் ஓடியது உலகம் முழுக்க 30 தியேட்டர்களில். இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. "சென்னையில 70 எம்எம்-ல பாத்தேன், அந்த கிரெய்ன் இருக்கே" என்று, ஃபிலிமில் தெரிகிற பொடிப் புள்ளிகளைச் சொல்லி உருகிய ஒருவனுக்கு இன்றைக்கும் பெயர் 'கிரெய்ன்' தான்.

ஆரூடம்

ஈபர்ட்டும் சறுக்கினார். 1999-ல் டிஜிட்டல் ப்ரொஜெக்‌ஷன் வேண்டாம், நொடிக்கு 48 ஃபிரேம் ஓடும் மேக்ஸிவிஷன் ஃபிலிம் இருக்கிறது என்று வரிந்து கட்டினார். அந்த ஃபிலிமை இன்று எங்கே போய்த் தேடுவது? 2012 கடைசியில் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்-ல் போடப்போகிறேன் என்று கமல் சொன்னபோது தியேட்டர் தொழில் ஆறு மாசத்தில் மூடுவிழா என்று நானும் முழங்கினேன். அந்த வீடியோவை நண்பர்கள் வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு அனுப்புகிறார்கள்.

ஏஐ என்றாலே திருட்டு என்பது

2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' பாட்டு ஒன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள் ஏஐ மூலம் வந்தன. செத்தவர் குரலைத் திருடிவிட்டார்கள் என்று அன்றைக்கே ஆவேசப்பட்டார்கள் சிலர். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்திருக்கிறோம் என்று ரஹ்மான் சொன்னதும் பேச்சு நின்றது. 2025 ஆகஸ்டில் 'ராஞ்ஜனா' தமிழில் 'அம்பிகாபதி'யாக, ஏஐ வைத்து மாற்றிய கிளைமாக்ஸோடு மறுபடி வந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷ் எதிர்த்தார். ரெண்டிலும் ஏஐ. யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்பதில்தான் வித்தியாசம் முழுக்க இருக்கிறது. அதைப் பேசாமல் ஏஐ வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்தினால், அந்த சாஃப்ட்வேர் ஆள் வருவார்.

ஈபர்ட் இங்கேயும் வருகிறார். புற்றுநோய் அறுவை சிகிச்சைகளால் 2006-ல் அவர் பேசும் திறனை இழந்தார். டிவிடி-க்களுக்காக அவர் முன்பு பேசிப் பதிவு செய்த வர்ணனைகளிலிருந்து, ஸ்காட்லாந்தின் செரிப்ராக் நிறுவனம் அவர் குரலையே கம்ப்யூட்டரில் திரட்டிக் கொடுத்தது. 2010-ல் டிவி நிகழ்ச்சியில் அதைப் போட்டுக் காட்டியபோது பக்கத்தில் இருந்த மனைவி சாஸ் அழுதார். வீடியோ கேமைத் திட்டியபோது அவரைத் தொழில்நுட்பமே பிடிக்காத கிழவர் என்று கேலி செய்தவர்களுக்கும் இந்தத் தலைப்பில் ஒரு சீட் உண்டு.

திருத்துகிறவனை பிளாக் செய்வது

2024 கடைசியில் தயாரிப்பாளர்கள், முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தடை கிடைக்கவில்லை. கருத்துச் சுதந்திரம் என்று நாமெல்லாம் கொண்டாடினோம். அன்று ராத்திரியே, டால்பி அட்மாஸ் சவுண்டு சிஸ்டத்தில் ஒலி எப்படிப் போகிறது என்று நாம் சொன்னதைத் திருத்திய ஒருவரை பிளாக் செய்தோம். நாம் என்றால் நானும்தான்.

அந்த ஆபரேட்டர் அண்ணனின் நம்பர் இப்போது என் போனில் இருக்கிறது. இருட்டுப் படம் எது பார்த்தாலும், வீடியோ போடும் முன் அவருக்கு ஒரு போன். பாதி நேரம், "ஸ்கிரீன் நம்பர் சொல்லுங்க சார்" என்பார். மீதி நேரம், "அது கேமராமேன் தப்புதான், நல்லாத் திட்டுங்க" என்பார்.

இயர்போனில் கேட்டுவிட்டு சவுண்டு மிக்ஸிங் பற்றிப் பேசுவது

வேண்டாம் தம்பி.