கடினமான குறுக்கெழுத்து: காரைக்குடியில் ஆரம்பிக்கலாம்

சாதாரண குறுக்கெழுத்தை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறவர்கள்கூட, சங்கேதக் குறிப்பு உள்ள கட்டத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள். குறிப்பு ஏதோ கதை சொல்லும், அதை நம்பினால் விடை வராது, அவ்வளவுதான் விஷயம். இதைப் பாருங்கள்:

சுவரில் பூசியதைப் பருகச் சொல்லும் ஊர் (5)

பூசியது காரை. பருகு என்றால் குடி. நடுவில் சந்தியாக ஒரு க் வந்து காரைக்குடி. கா, ரை, க், கு, டி என்று ஐந்து கட்டம். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, அதை விட்டால் கணக்கு உதைக்கும்.

இந்த மாதிரிக் குறிப்பில் பெரும்பாலும் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று விடையின் நேரான பொருள், இங்கே 'ஊர்'. மிச்சமெல்லாம் விடையைக் கட்டுகிற வழி. பொருள் ஆரம்பத்தில் இருக்கும், இல்லையென்றால் கடைசியில். நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்குமே, அந்த மாதிரி. நடுவில் இருக்கும் வளவில், அதாவது முற்றத்துப் பக்கம், போய்த் தேடாதீர்கள்.

அப்புறம் ஒளிந்திருக்கும் வகை: 'ஆத்தங்குடிக்குள் ராத்திரி இரு (3)'. ஆத்தங்குடி என்றதும் மனசு அந்த ஊர் டைல்ஸுக்குப் போகும், புதிர் போட்டவருக்கு வேண்டியதும் அதுதான். 'உள்' என்று சொல்லிவிட்டார் அல்லவா, ஊர்ப் பெயருக்குள்ளேயே தேடினால் 'தங்கு' கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது எழுத்தைக் கலைத்துப் போடும் வகை. 'வெறும் டின்தான், தலை போய்ச் சிதறிய மரகதம் (4)'. தலை என்றால் முதல் எழுத்து. அதை எடுத்தால் ர, க, த, ம். சிதறவிட்டு அடுக்கினால் தகரம். சிதறிய, கலைந்த, குழம்பிய, உடைந்த என்று எதைப் பார்த்தாலும் உடனே எழுத்துகளைத் தாளின் ஓரத்தில் வட்டமாக எழுதிப் பாருங்கள், வரிசையாக எழுதினால் கண் பழைய சொல்லையே படிக்கும். வால், கால் என்றால் கடைசி எழுத்து, 'திரும்பிய' என்றால் பின்னாலிருந்து படிக்க வேண்டும்.

ஓரெழுத்துச் சொற்கள் கையில் இருக்கட்டும். நன்னூல் 42 சொல்கிறது, எல்லாம் வேண்டாம்: பசு ஆ, அரசன் கோ, நாக்கு நா, நெருப்பு தீ, தைக்கச் சொன்னால் தை. புதிர் போடுகிறவர்கள் இவற்றை வைத்துத்தான் பாதிப் பிழைப்பு நடத்துகிறார்கள்.

பாதி கட்டம் நிரம்பிய பிறகு இலக்கணமே உதவிக்கு வரும். க், ச், த், ப் விழுந்தால் அடுத்தது அதே வரிசை எழுத்துதான் (பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் தவிர). ட் கொஞ்சம் ஏமாற்றும், வட்டமும் உண்டு கட்சியும் உண்டு. ழ, ள, ண, ற ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது.

முதல் குறிப்பிலிருந்தே வரிசையாகப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைப் போடுங்கள். முடியாததற்கு மறுநாள் விடை வந்ததும், அது எப்படி வந்தது என்று குறிப்பைப் பிரித்துப் பாருங்கள். கைப்பழக்கம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. காரைக்குடியில் பல்லவன் ரயிலில் ஏறினால் புதுக்கோட்டை தாண்டும்வரை விடையைப் போனில் தேடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதைப் போடுங்கள்: பிள்ளையார்பட்டியில் அண்ணாந்து பார்ப்பது, அரசனும் ஊரும் (4).