கரையிலிருந்து களத்துக்கு

எங்கள் பையன்கள் மலை சைக்கிள் ஓட்டியது கொள்ளிடக் கரைச் சரிவில். சமவெளியில் வேறு மேடு ஏது? ஒரு மழைக்குப் பின் போய்ப் பார்த்தேன். டயர் தடம் விரலாழ வாய்க்காலாகி, அதில் மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் கரை உடைந்தால் ஊரே போகும். பையன்களை அங்கிருந்து விரட்டிய அதிகாரி மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு தீர்ந்தது.

சைக்கிள் ஓட்டச் சட்டப்படி ஓர் இடம் வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். தள்ளுபடி. நான் கேட்டது தூர்ந்த குளம். தண்ணீரே இல்லாவிட்டாலும் அது நீர்நிலைப் புறம்போக்குதான், அதாவது நீர்நிலைக்கென்றே ஒதுக்கிய அரசு நிலம். மனு எழுதும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டை, ஊரில் எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேட்டை, பார்த்திருக்க வேண்டும். பிறகு பார்த்தபோது, யாரும் நெல் அடிக்காத பழைய களம் ஒன்று கிடைத்தது.

அக்டோபர் 2 கிராமசபையில் பையன்களின் தாய்மார்களே எழுந்து பேசினார்கள். களத்தைச் சைக்கிளுக்கு விடும் தீர்மானம் நிறைவேறியது.

களத்தில் சைக்கிள் ஏறி இறங்க மேடு போட வேண்டும். களிமண் மேடு கோடையில் வெடிக்கும், மழையில் சக்கரத்தை விடாது. அதனால் தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண்ணை ரசீதோடு வாங்கி மேலே போட்டு, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். கரைத் தடத்தையும் அந்தப் பையன்களே மூடி, புல் பதித்தார்கள்.